டவர் வைக்க 30 லட்சம் முன்பணமா? கட்டணம் கேட்டாலே உஷார்!

'உங்கள் நிலம் செல்போன் டவர் அமைக்கத் தேர்வாகியுள்ளது. முன்பணம் 30 லட்சம் ரூபாய், மாத வாடகை 25,000 ரூபாய், குடும்பத்தில் ஒருவருக்குக் காவலாளி வேலை.' இப்படிக் குறுஞ்செய்தி வந்தால், மழையை நம்பி மானாவாரி ஓட்டும் யாருக்கும் மனசு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். கரம்பாகக் கிடக்கும் மூலையில் இருந்து வருடத்துக்கு 3 லட்சம் வரும் என்றால், எந்தப் பயிர் அதற்கு ஈடாகும்?

அந்த எண்ணுக்குப் பேசினால், மரியாதையாகப் பதில் சொல்வார்கள். பட்டா, ஆதார் நகல்களை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' பெயரும் முத்திரையும் போட்ட 'ஒப்புதல் கடிதம்' வந்து சேரும். பணம் கேட்பது அதற்குப் பிறகுதான். முதலில் பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ. அடுத்து ஒப்பந்தப் பத்திரச் செலவு, காப்பீடு, ஜி.எஸ்.டி., தடையில்லாச் சான்று. கடைசியில் உங்கள் பெயர் எழுதிய காசோலையின் படத்தை அனுப்பி, 'வரியை மட்டும் கட்டுங்கள், நாளைக்கே கணக்கில் ஏறிவிடும்' என்பார்கள். இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்திலேயே பலரும் கடன் வாங்கி அடுத்த தொகையைக் கட்டுகிறார்கள். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஊர் பேசும். ஆனால், பெரும்பாலும் அவரைக் கவிழ்ப்பது ஆசையைவிட இந்தப் பயம்தான்.

டவர் எங்கே வர வேண்டும் என்பதை முடிவு செய்வது சிக்னல் தேவை. எந்தப் பகுதியில் சிக்னல் குறைவு என்று பார்த்துத்தான் நிறுவனம் இடம் தேடும். நில உரிமையாளர் விருப்பம் தெரிவிக்கலாம். அதற்காக இடம் கிடைத்துவிடாது. இடம் பிடித்தால் ஆட்கள் நேரில் வருவார்கள். பாதை, மின் இணைப்பு, பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகே குத்தகை ஒப்பந்தம். பணம் நிறுவனத்திடம் இருந்து உரிமையாளருக்கு வருமே தவிர, இங்கிருந்து அங்கே போகாது. டவர் வைக்கக் கட்டணம் எதுவும் வசூலிப்பதில்லை, தடையில்லாச் சான்றும் தருவதில்லை என்று டிராய் அமைப்பே அறிவித்திருக்கிறது. ஆக, டிராய் பெயரில் சான்று வந்தாலே அது போலி.

அரசுத் திட்டங்களின் பெயரிலும் இதே வேலை நடக்கிறது. சோலார் பம்ப்செட்டுக்கான 'பி.எம். குசும்' திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பணம் வசூலிப்பதாக மத்திய அரசே எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு அணுக வேண்டிய இடம் வேளாண் பொறியியல் துறை அலுவலகம். 'பி.எம். கிசான்' பணம் நின்றுவிடும், உடனே இதை நிறுவுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே கூடாது. அது போனுக்குள் புகுந்தால், வங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி.யை அவர்களால் படிக்க முடியும்.

ஆட்டையோ பழைய டிராக்டரையோ ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு விஷயம். 'அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்றால், அது உங்கள் பணத்தை எடுக்கும் வழி. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

கொங்குப் பகுதிக்காரர்கள் ஈமுவை மறந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சுகள், மாதம் 6,000 ரூபாய், வருட போனஸ் 20,000 ரூபாய் என்றது ஒரு திட்டம். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 92,000 ரூபாய். போட்ட பணத்தில் 60 சதவிகிதத்துக்கும் மேல். அந்தக் கறியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 2012-ல் நிறுவனங்கள் கைவிரித்தபோது, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டி வந்தது. இன்றைக்கு அதே கணக்கு, 'மாட்டுப்பண்ணையில் முதலீடு, தினசரி வருமானம்' என்று செயலி வடிவில் வருகிறது. முதல் வாரம் இருநூறு, முந்நூறு கையில் கிடைக்கும். அதை நம்பித்தான் பெரிய தொகையைப் போடுகிறார்கள்.

பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போனால்தான் முடக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கும் இரண்டு நாட்கள்தான் அவர்களுக்கு வசதி. வாட்ஸ்அப் உரையாடல், போலிக் கடிதம், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்க வேண்டாம். சில வாரம் கழித்து, 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், வக்கீல் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று வேறொருவர் அழைக்கக்கூடும். உங்கள் எண்ணை அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் அதே கூட்டம்தான்.