முப்பது தாண்டினால் வீடியோ கேம் ஆசை போய்விடுமா?

கல்லூரி நாட்களில் விடிய விடிய விளையாடியவர் நீங்கள். இப்போது வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டது. ஆசையாக வாங்கிய கேம் மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கிறது. அபூர்வமாக ஒருநாள் திறந்தாலும் பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறீர்கள். ‘நமக்கு வயசாயிடுச்சோ?’ என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீடியோ கேம் பிள்ளைகளுக்கான பொருள் என்பது பழைய எண்ணம். அமெரிக்காவில் கேம் நிறுவனங்களின் சங்கம் எடுக்கும் கணக்குகளில், விளையாடுபவர்களின் சராசரி வயது பல ஆண்டுகளாக முப்பதுக்கு மேலேயே இருக்கிறது. இதில் வியப்பு இல்லை. ‘பேக்மேன்’ வந்தது 1980-இல். அன்று பத்து வயதில் அதை ஆடிய சிறுவன் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டான். நம் ஊரிலும் 1990-களில் டிவி கேம் பெட்டியில் கேசட் செருகி ‘மாரியோ’வும் ‘கான்ட்ரா’வும் ஆடியவர்கள், பிறகு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடியவர்கள், இன்று வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஹமாகோ மோரி 1930-இல் பிறந்தவர். விளையாடத் தொடங்கியதே ஐம்பது வயதுக்கு மேல்தான். யூடியூபில் கேம் ஆடிக் காட்டுபவர்களில் உலகிலேயே மூத்தவர் என்று 2020-இல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தபோது அவருக்கு 90 வயது.

அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஏன் பிடிக்காமல் போனது? பெரும்பாலும் பிடிக்காமல் போகவில்லை. உங்கள் நேரம் துண்டு துண்டாகிவிட்டது. ‘விட்சர் 3’ என்ற புகழ்பெற்ற கேமின் முக்கியக் கதையை முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும். விடுமுறையில் இருக்கும் மாணவர் அதை ஒரு வாரத்தில் முடிப்பார். வாரத்துக்கு இரண்டு மணி கிடைக்கும் உங்களுக்கு அது ஆறு மாத வேலை. போன வாரம் எங்கே விட்டோம், யாரைத் தேடிப் போனோம், எந்தப் பட்டன் எதற்கு என்பதெல்லாம் அடுத்த வாரம் மறந்துபோகும். உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் ஞாபகப்படுத்திக்கொள்வதிலேயே போகிறது. நீங்கள் மூடிவிடுவதும் அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான்.

இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த டிவி கேம் பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர் இருந்தது. இரண்டாவதைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பையன் இருந்தான். சண்டை, கேலி, ‘இந்தத் தடவை நான்’ என்ற பிடுங்கல் எல்லாம் சேர்ந்துதான் அந்த ருசி. இப்போது தனியாக ஆடும்போது குறைவது அவன்தான்.

கை வேகம் குறைந்துவிட்டதா? கொஞ்சம் குறையத்தான் செய்யும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆடிய 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். திரையில் புதிதாக ஒன்று தெரிந்ததும் அதற்கேற்பச் செயல்படும் வேகம் 24 வயதிலேயே மெல்லக் குறையத் தொடங்குகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வில், வயதில் மூத்தவர்கள் எளிமையான உத்திகளால் அதை ஈடுகட்டுவதற்கான அடையாளங்களும் தெரிந்தன. சுட்டுத் தள்ளும் ஆட்டத்தில் பதினாறு வயதுப் பையனிடம் நீங்கள் தோற்கலாம். நிதானமாக யோசித்து ஆடுபவற்றில் அந்தக் கவலை வேண்டியதில்லை.

சரி, இருக்கும் நேரத்தில் எதை ஆடுவது? ஒரு கேமை வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதை நடுவில் விட்டுவிட்டு எழ முடியுமா?’ என்பது. படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தனியாக ஆடும் கேம்களில் பொதுவாக பாஸ் (ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் வசதி) உண்டு. இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும்போது அது பெரும்பாலும் கிடையாது. ‘பப்ஜி’ போன்ற ஆட்டத்தில் நான்கு பேர் ஒரு அணி. ஒரு முழு ஆட்டம் அரை மணி நேரம்கூட ஓடும். நடுவில் குழந்தை அழுதால் குழந்தை காத்திருக்க வேண்டும், அல்லது மூன்று பேர் உங்களால் தோற்க வேண்டும். அரை மணி உறுதியாகக் கையில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

அடுத்ததாக சேவ் (விட்ட இடத்தைப் பதிந்துவைப்பது) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில கேம்கள் நினைத்த இடத்தில் பதிய விடும்; சில குறிப்பிட்ட இடத்துக்குப் போனால்தான் பதியும். ‘நின்டென்டோ ஸ்விட்ச்’, ‘ஸ்டீம் டெக்’ போன்ற கையடக்கக் கருவிகளில் ஒரு பட்டனை அழுத்தினால் திரை அணையும். திரும்ப அழுத்தினால் விட்ட நொடியிலிருந்து தொடரலாம். சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை என்பேன்.

சின்ன கேம்களைத் தேடுங்கள். 2012-இல் வந்த ‘ஜர்னி’ இரண்டு மணி நேரம்தான். ஞாயிறு மதியம் ஒரு படம் பார்ப்பதுபோல் முடித்துவிடலாம். பெரிய கேம்தான் வேண்டுமென்றால், மூடும்போது ஃபோனில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். அந்த வீணாகும் பத்து நிமிடம் மிச்சமாகும். ‘ஈஸி’ நிலையில் ஆடுவதில் எந்தக் கேவலமும் இல்லை.

இலவச மொபைல் கேம்களில் ஒரு பொறி இருக்கிறது. டெய்லி ரிவார்டு (தினமும் வந்து தலைகாட்டினால் தரும் பரிசு) உங்களை வரவழைப்பதற்காகவே வைத்தது. விளையாட்டு என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிட்டால், தயங்காமல் நீக்குங்கள்.

வீட்டில் ‘இந்த வயசுல என்ன கேம்?’ என்று கேட்டால்? சீரியலும் கிரிக்கெட்டும் பார்ப்பதுபோல் இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று நீங்கள் வாதாடலாம், தவறில்லை. ஆனால் கோபம் பெரும்பாலும் கேம் மேல் இருக்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. ‘ஒன்பதரைக்கு உட்கார்ந்து பத்தரைக்கு எழுந்துடுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடி எழுந்துவிடுங்கள். தூக்கத்திலிருந்து திருடிய ஒரு மணி நேரம் மறுநாள் அலுவலகத்தில் உங்களைத்தான் வாட்டும்.

உண்மையிலேயே ஆர்வம் போயிருந்தால் என்ன செய்வது? விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டோமே என்பதற்காக எதையும் ஆடி முடிக்கத் தேவையில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: கேம் மட்டுமல்லாமல் பாட்டு, நண்பர்கள், சாப்பாடு எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. உலக சுகாதார அமைப்பு ‘கேமிங் டிஸார்டர்’ (விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அது நோய். சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஆடுவது நோய் ஆகாது. வேலையும் குடும்பமும் சரிவதைப் பார்த்தபடியே ஆடிக்கொண்டிருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம். பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் செயலிகள் வேறு கதை. அவற்றைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது.

திரும்பத் தொடங்க நினைக்கிறீர்களா? புதிய கருவி எதுவும் உடனே வாங்க வேண்டாம். இரண்டாவது கன்ட்ரோலரைப் பிடித்த அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் இருப்பான். அவனுக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.