வள்ளமும் மின்சாரமும்

1761ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படையினர் ‘அலார்ம்’ என்னும் தம் போர்க்கப்பலின் மர அடிப்புறத்துக்குச் செப்புத் தகடு போர்த்தினர். மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுவைத் தடுப்பதும், பாசியும் சிப்பியும் ஒட்டாமற் காப்பதும் அவர்தம் நோக்கம். மேற்கிந்திய தீவுகளுக்குச் சென்று மீண்ட அக்கப்பலை 1763இல் பரிசோதித்தபோது ஒரு புதுமை காணப்பட்டது. செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரிப்புண்டு உளுத்துப் போயிருந்தன. ஆனால், எல்லா ஆணிகளும் அல்ல. தகடுகளைப் பொதிந்து வந்த தடித்த காகிதம் சில இடங்களில் அகற்றப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் நடுவே தங்கிவிட்டது. அவ்விடங்களில் ஆணிகள் பெரிதும் பழுதின்றி இருந்தன.

ஒரு துண்டுக் காகிதம் இரும்பைக் காத்தது எவ்வாறு? நேயர்களே, வள்ளங்களின் இயந்திரத்தையும் மின்னமைப்பையும் பேணும் தொழிலாளர் அறியவேண்டியவற்றுட் பெரும்பகுதி இவ்வினாவுக்குரிய விடையிலே அடங்கியிருக்கின்றது. கரையிற் கட்டிய வள்ளம் காற்றுமில்லை, மழையுமில்லை என்ற இரவிலே தானே அமிழ்ந்துபோவதற்கும், நடுக்கடலில் விளக்கும் தொடர்புக் கருவியும் ஒருங்கே அவிந்துபோவதற்கும் இவ்விடையை அறியாமை காரணமாதல் உண்டு.

1763இல் இதற்கு விளக்கம் கூறவல்லார் எவரும் இலர். 1800ஆம் ஆண்டிலே இத்தாலிய விஞ்ஞானியாகிய வோல்ற்றா, நாகத் தட்டையும் வெள்ளித் தட்டையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளோடு மாறிமாறி அடுக்கி, உலகின் முதல் மின்கலவடுக்கை அமைத்துக் காட்டினார். வேறுபட்ட இரு உலோகங்கள், அவ்விரண்டையும் நனைக்கும் உப்புநீர், அவற்றை இணைக்கும் ஓர் உலோகத் தொடர்பு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் மின்னோட்டம் பிறக்கும். அவ்வாறு பிறக்கும்போது இரண்டனுள் ஓர் உலோகம் கரைந்துபோகும். அலார்ம் கப்பலின் ஒவ்வோர் ஆணியும் தகடும் கடல்நீரும் கூடி ஒரு சிறு மின்கலமாயின. இரும்பு கரைந்தது, செம்பு நின்றது. காகிதம் இடைப்பட்ட இடத்தில் உலோகத் தொடர்பு இல்லை. ஆதலின் மின்னோட்டமும் இல்லை, அரிப்பும் இல்லை.

எந்த உலோகம் கரையும், எது நிற்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடல்நீரிலே மக்னீசியம் மிக எளிதிற் கரைவது. அதனை அடுத்து நாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம் என வரிசை செல்லும். நல்ல நிலையிலுள்ள கறையில் உருக்கு இவ்வரிசையின் கடைக்கோடியில் நிற்கும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் வரிசையில் முன்னிற்பதே அழியும். வரிசையில் அவற்றின் இடைவெளி கூடக் கூட அழிவும் பொதுவாக விரைவாகும்.

இந்த அழிவையே காவலாக மாற்றியவர் சர் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். கப்பல்களிற் போர்த்திய செம்பு கடல்நீரால் தேய்வதைத் தடுக்க வழி காணுமாறு கடற்படையினர் வேண்ட, 1824இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். செம்போடு சிறிதளவு நாகத்தையோ இரும்பையோ தொடுத்துவிட்டால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும். செம்பின் பரப்பில் 150இல் ஒரு பங்குகூடப் போதும் என்று அவர் கண்டார். அவர் கூற்று மெய்யாயிற்று. எனினும் எதிர்பாராத விளைவொன்றும் நேர்ந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைவதனாலேயே பாசியும் சிப்பியும் அதில் ஒட்டாதிருந்தன; கரைவது நின்றதும் அவை வந்து அப்பிக்கொண்டன, கப்பல்களின் வேகம் குன்றியது. 1825இல் அக்காப்புத் துண்டுகளைக் கழற்றுமாறு கட்டளை பிறந்தது. ஆயினும் பின்னர் இரும்புக் கப்பல்கள் வந்தபோது டேவியின் முறை மீண்டும் உயிர்பெற்றது. இன்று வள்ளங்களின் அடியிலும் இயந்திரத் தண்டிலும் பூட்டப்படும் நாகக் கட்டிகள் அவர் கண்ட பலி உலோகமே.

இக்கட்டியைப் பற்றி நம்மவரிடையே சில தவறான வழக்கங்கள் உள. வள்ளத்துக்கு வர்ணம் பூசும்போது அழகுக்காகக் கட்டியின்மேலும் பூசிவிடுவர். வர்ணம் நீரை மறைத்துவிடுவதால் கட்டி தன் கடமையைச் செய்யமாட்டாது. துருப்பிடித்த பரப்பின்மேலே பூட்டினாலும் உலோகத் தொடர்பு கிட்டாது. ஓராண்டு கடலிற் கிடந்தும் தேயாத கட்டியைக் கண்டு மகிழ்வாரும் உளர்; அக்கட்டி தொடர்பற்றுக் கிடக்கின்றது என்பதே அதன் பொருளாகலாம். பாதி தேய்ந்ததும் மாற்றுவது முறை. கடலுக்கு நாகமும் அலுமினியக் கலவையும் ஏற்றவை. நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றது. மர வள்ளங்களில் அளவுக்கு மிஞ்சிக் கட்டிகளைப் பூட்டினால், காக்கப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகி மரத்தையே நைத்துவிடும். வெளியிணைப்பு இயந்திரத்தின் அலுமினியக் காலிலே செம்பு கலந்த பாசி தடுக்கும் வர்ணத்தைப் பூசுவதோ, அலார்ம் கப்பலின் கதையைத் திரும்பவும் நடத்துவதாகும்.

இதுவரை கூறியது உலோகங்கள் தாமே பிறப்பிக்கும் மின்சாரத்தைப் பற்றியது. அதன் அழுத்தம் ஓர் உவோற்றளவைத் தாண்டுவது அரிது. வள்ளத்திலுள்ள பற்றரியோ 12 அல்லது 24 உவோற்று உடையது. அந்த மின்சாரம் வழிதவறி நீருக்குள் இறங்குமாயின், மாதக்கணக்கில் நிகழவேண்டிய அரிப்பு நாட்கணக்கில் நிகழ்ந்துவிடும். 1830களில் மைக்கேல் பரடே கண்டறிந்த விதிகளைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு நாள் முழுவதும் செம்பிலிருந்து நீருக்குட் பாயுமாயின், குறைந்தது 28 கிராம் செம்பு கரையும். ஓர் அம்பியர் என்பது 12 உவோற்றுப் பற்றரியில் எரியும் 12 உவாற்று மின்குமிழ் ஒன்று பெறும் மின்னோட்டமே. வள்ளத்தின் அடியைத் துளைத்துப் பூட்டிய வெண்கல வால்வு ஒன்று இவ்வாறு சில நாள் கரைந்தால், அதன் சுவர் மெலிந்து ஒரு தட்டுக்கு உடைந்துவிடும். பின்னர் கடல் உள்ளே வரும்.

மின்சாரம் எவ்வாறு வழிதவறுகின்றது? வள்ளத்தின் அடியிலே தேங்கும் நீரை இறைக்கும் மின்பம்பியை எண்ணிப் பாருங்கள். அதன் நேர்க்கம்பியின் உறை உரிந்தோ, இணைப்பு நாடாவாற் சுற்றப்பட்டோ அந்நீருள் அமிழ்ந்து கிடந்தால், மின்னோட்டம் நீர் வழியே அருகிலுள்ள உலோகத்தை அடைந்து, அதிலிருந்து கடலுக்குட் பாய்ந்து, இயந்திரத் தண்டின் வழியே பற்றரிக்கு மீளும். எவ்வுலோகத்திலிருந்து அது நீருக்குள் வெளியேறுகின்றதோ அவ்வுலோகம் அழியும். வள்ளத்தைக் காக்க வைத்த பம்பியே வள்ளத்தை அமிழ்த்தும் என்பது இதுதான்.

மோட்டர் வண்டிகளிற் பழகிய மின்தொழிலாளர் வள்ளத்தில் வேலை செய்யுங்கால் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. வண்டியிலே பற்றரியிலிருந்து ஒரு கம்பியே விளக்குக்குச் செல்லும். மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியே திரும்பும். வண்டி உப்புநீரில் மிதப்பதில்லை. அதனால் அம்முறை அங்கே தகும். வள்ளத்தில் ஒவ்வொரு கருவிக்கும் போகும் கம்பி ஒன்றும் மீளும் கம்பி ஒன்றுமாக இரண்டும் வேண்டும். இயந்திரத்தையோ வேறு உலோகப் பகுதியையோ மீளும் வழியாகக் கொள்ளலாகாது. இணைப்புகள் யாவும் நீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே அமையவேண்டும். ஈயம்பூசிய செப்பிழைக் கம்பி உப்புக்காற்றைத் தாங்கும். உருகியைப் பற்றரியின் நேர்முனைக்கு இயன்றவரை அண்மையில் வைத்தல் வேண்டும். அது காப்பது கருவியை மட்டுமன்று, தீப்பற்றக்கூடிய கம்பியையுமாம்.

கசிவைக் கண்டறிவதற்கு எளிய சோதனை உண்டு. எல்லா ஆளிகளையும் நிறுத்தி, பற்றரியின் நேர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மின்னோட்டமானியைத் தொடுக்க வேண்டும். இயந்திரத்தை அப்பொழுது இயக்கலாகாது. ஊசி அசையாதிருப்பின் நன்று. அசையுமாயின், அது எக்கருவிக்கு உரியது என்று காரணம் காணாது விடலாகாது. ஒவ்வோர் உருகியாகக் கழற்றிப் பார்த்தால், எந்த உருகியோடு ஓட்டம் நிற்கின்றதோ அந்த வழியிலேதான் கசிவு. பத்து நிமிட வேலை. ஆனால் செய்வார் சிலரே.

பிரித்தானியக் கடற்படையார் காகிதத்தின் பாடத்தை 1763இலேயே கண்ணாரக் கண்டனர். எனினும் அடுத்த போர்க்காலத்திலே இரும்பாணி அடித்த கப்பல்கள் பலவற்றுக்குச் செம்பு போர்த்தினர். இரும்பாணிகளைக் கைவிட்டுச் செப்புக் கலவை ஆணிகளுக்கு மாற 1780கள் வரை சென்றது. கண்ட உண்மையைக் கைக்கொள்ளாத அந்த இடைக்காலத்தில் அக்கப்பல்களின் ஆணிகள் கண்ணுக்குத் தெரியாமல் அரிப்புண்டன. நம் மீனவர் செல்லும் வள்ளங்களில் அடியில் உள்ள வால்வையும் பம்பியின் கம்பியையும் கடலிற் செல்வார் குனிந்து பார்ப்பதில்லை. பழுதுபார்ப்பவன் பார்த்திருப்பான் என்று நம்பியே செல்கின்றனர். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையவராதல் இத்தொழிலைக் கற்கும் இளைஞரின் முதற் கடமையாகும்.