13 கிடைக்கும்வரை வகுத்துப் பாருங்கள்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் இருபக்க லயத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் 12 காம்பரா, பின்பக்கம் 12 காம்பரா. நடுச்சுவர் இரண்டுக்கும் பொது. சுவர்ச் செலவை மிச்சம் பிடிக்கக் கட்டிய அந்த லயங்களில் பின்சுவருக்கு ஜன்னல் இல்லாமல், காற்றோட்டம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் வாழ்ந்தார்கள். அந்த அநியாயத்தைச் சொல்லாமல் லயத்தைப் பற்றி எழுத முடியாது.

ஆனாலும் காரணி என்றால் என்னவென்று ஒரு பிள்ளைக்குக் காட்ட அந்த லயமே போதும். 24 காம்பராக்களை ஒரே வரிசையாகக் கட்டலாம். 12 வீதம் இரண்டு வரிசை, 8 வீதம் மூன்று, 6 வீதம் நான்கு என்றும் கட்டலாம். ஒன்றும் மிஞ்சாது. இப்படி மீதியில்லாமல் வகுக்கும் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகிய எட்டும் 24இன் காரணிகள்.

23 காம்பரா என்றால்? இரண்டு வரிசைக்கும் சரிவராது, மூன்றுக்கும் வராது. நீளமாக ஒரே வரிசைதான். 1ஐவிடப் பெரியதாய், 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத இப்படிப்பட்ட எண்தான் முதன்மை எண். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைப் பகா எண் என்று படிக்கிறார்கள்.

நாற்றுத் தவறணையில் 91 தேயிலைக் கன்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 91 இரட்டை எண் இல்லை. 3ஆல் போகாது, 5ஆலும் போகாது. முதன்மை எண்தான் என்று பலர் இங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் 7ஆல் வகுத்தால் 13 வரும். ஏழு நிரை, நிரைக்குப் பதின்மூன்று கன்று. காரணிகள் சோடியாகவே வருவதால், 100க்கு உட்பட்ட எண்ணுக்கு 2, 3, 5, 7 ஆகிய நான்கையும் போட்டுப் பார்த்தாலே போதும். சோடியில் இரண்டுமே 10ஐத் தாண்டினால் பெருக்கம் 100ஐத் தாண்டிவிடும். 97ஐச் சோதித்துப் பாருங்கள், நான்குக்கும் மசியாது.

முதன்மை எண்கள்தான் மற்ற எண்களின் மூலப்பொருள். 24 என்பது 2×2×2×3. இதில் 2ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று தடவை எடுக்கலாம்: நான்கு வழி. 3ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. நான்கு தரம் இரண்டு எட்டு. எட்டுக் காரணிகளும் வந்துவிட்டன. 24ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களை விரிவாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். அவருடைய கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பொதுக் காரணியையும் தோட்டத்திலேயே பார்க்கலாம். இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவவில் தேயிலையும் இறப்பரும் ஒரே தோட்டத்தில் இருப்பதுண்டு. ஒரு மலையில் ஏழு நாளுக்கு ஒருமுறை அம்மா கொழுந்தெடுக்கிறார். பக்கத்து மலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பா பால் வெட்டுகிறார். மழை குறுக்கிடாவிட்டால் 14 நாளுக்கு ஒருமுறை இருவரும் பக்கத்துப் பக்கத்து மலையில் நிற்பார்கள். 2க்கும் 7க்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால், யார் எந்த நாளில் தொடங்கினாலும் இந்தச் சந்திப்பு தப்பாது. வெயில் காலத்தில் கொழுந்து மந்தமாகி, எட்டு நாளுக்கு ஒருமுறை என்று ஆனால் கதை மாறும். 2 என்பது 8இன் காரணி. இருவரும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு எட்டாம் நாளும் சந்திப்பார்கள். ஒருநாள் முன்பின்னாகத் தொடங்கியிருந்தால் எத்தனை மாதம் போனாலும் சந்திக்கவே மாட்டார்கள்.