பேட்டரிக்குள்ளும் ஒரு தாமிரபரணி ஓடுகிறது, தெரியுமா?

"அண்ணாச்சி, லாரிக்கு எந்த பேட்டரி போடட்டும்?" ரிமோட்டில் ஓடும் ஆர்சி டிரக்கை வாங்கிய அன்றே பாளையங்கோட்டைப் பையன்கள் கேட்கிற கேள்வி இதுதான். பதில் பாபநாசத்தில் இருக்கிறது, தெரியுமா?

1944இலிருந்து அங்கே தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு தண்ணீர் விழுகிறது; இரண்டையும் பெருக்கினால் சக்தி. உங்கள் லாரியிலும் அதே கணக்கு! உயரத்துக்குப் பதில் வோல்ட், ஓட்டத்துக்குப் பதில் ஆம்பியர், பெருக்கினால் வாட். எம்ஏஎச் என்று போட்டிருப்பது குளத்தின் கொள்ளளவு. 'சி' என்று போட்டிருப்பது மடையின் அகலம். நயினார்குளம் தளும்பி நின்றாலும் மடை குறுகலாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் சொட்டத்தானே செய்யும்?

நம் பையன்கள் பார்ப்பதெல்லாம் குளத்தை மட்டும். "5000 எம்ஏஎச் இருக்குலே!" அப்புறம்தான் அழுகை. முதலில் பார்க்க வேண்டியது உயரம்.

லைப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரியில் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். 2எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ட். 3எஸ் என்றால் 11.1. இப்போது மலைக்கத் தயாராகுங்கள்: 3000 கேவி மோட்டார் என்றால் வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,000 சுற்று. 2எஸ் போட்டால் 22,200 சுற்று, 3எஸ் போட்டால் 33,300! சுமை இல்லாமல் சுற்றும்போதுதான், ஆனாலும் கேட்கவே காது கூசுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், காற்றைக் கிழிக்க மட்டும் மூன்றேகால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், தெரியுமா? அந்தச் சூட்டை யார் தாங்குவது? மோட்டாரும் ஸ்பீடு கன்ட்ரோலரும்தான். ஆகவே கன்ட்ரோலர் எத்தனை 'எஸ்' தாங்கும் என்று பார்க்காமல் பேட்டரிக் கடைக்குள் காலே வைக்காதீர்கள். டிராக்சஸ் ஸ்லாஷ் என்று ஒரே பெயரில் வரும் லாரியிலேயே, எக்ஸ்எல்-5 கன்ட்ரோலர் இருந்தால் லைப்போவில் 2எஸ்தான். விஎக்ஸ்எல்-3எஸ் இருந்தால் 3எஸ் வரை போகலாம்.

மடைக்கு வருவோம். 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்பியர்-மணி), 50சி என்றால் 5 × 50 = 250 ஆம்பியர். நிஜக் காரை ஸ்டார்ட் செய்யும் மோட்டாருக்குச் சமமான ஓட்டம், உள்ளங்கை அகலப் பொட்டலத்திலிருந்து! லேபிளை நம்பினால்தான். சி எண்ணை அள்ளி விடுவதில் சில கம்பெனிகளுக்குத் தேர்தல் வாக்குறுதி தோற்றது. எம்ஏஎச்சில் இதைவிடக் கூத்து. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 18650 என்று பெயர் பெற்ற உருளை செல்லில், நல்ல கம்பெனிகளே 3,600 எம்ஏஎச்சை ஒட்டித்தான் அடைத்திருக்கின்றன. சந்தையில் '9900' என்று அச்சடித்தே விற்கிறார்கள். நெல்லைக்காரனுக்கே அல்வா!

இதற்கு என் வைத்தியம் மளிகைக்கடைத் தராசு. 2எஸ், 5000 எம்ஏஎச் ஹார்ட்கேஸ் பேக் என்றால் கால் கிலோவை ஒட்டியாவது நிற்க வேண்டும். ஒருமுறை மலிவாக வாங்கிய '6000' பேக்கைத் தட்டில் வைத்தேன். முள் 180 கிராமில் நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இதுக்கு நம்ம கடலைமிட்டாய் பாக்கெட் தேவலையே" என்றார்.

இனிமேல்தான் இருக்கிறது பெரிய அதிசயம். நம் ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறதல்லவா? லைப்போவுக்குள்ளும் தாமிரம் இருக்கிறது, தெரியுமா? எதிர்முனையில் கரன்டைச் சுமப்பது தலைமுடியைவிட மெல்லிய தாமிரத் தகடு. நேர்முனையில் அலுமினியத் தகடு. செல்லை ஒட்ட உறிஞ்சி 2 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அந்தத் தாமிரமே கரைய ஆரம்பித்துவிடும்! மறுபடி சார்ஜ் போடும்போது வேண்டாத இடத்தில் போய்ப் படியும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அதனால்தான் செல் ஒன்று 3.2 வோல்ட்டுக்கு வந்ததுமே லாரியை நிறுத்தச் சொல்கிறோம். கன்ட்ரோலரில் லைப்போ கட்டாஃப் வசதி இருந்தால் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்களா? இந்தத் தலைவலியே வேண்டாம். நிக்கல் பேக் போதும். கனம் கூட, ஆனால் கோபம் குறைவு.

இந்த லித்தியம் பேட்டரிக்கு 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வாங்கியவர்களில் ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. நோபல் வரலாற்றிலேயே மூத்தவர்! ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்து, டெக்சாஸில் பேராசிரியராக இருக்கும் ஆறுமுகம் மந்திரம். அடுத்த தடவை சார்ஜரைச் செருகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரன்பட்டினம் பக்கம் செந்நிறத் தேரிக்காடு இருக்கிறதே, டிரக் ஓட்டுகிறவனுக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், கரன்ட் எகிறும். 5000 எம்ஏஎச் பேக்கில் சராசரி 20 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் 12 நிமிடம். அவ்வளவுதான் விளையாட்டு! கூடவே வெள்ளை பிளாஸ்டிக் டாமியா கனெக்டர் இருந்தால் அது உருகிக் கையோடு வரும். எக்ஸ்டி60 மாதிரி ஒன்றை சால்டர் செய்துவிட்டுப் போங்கள். சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் பேட்டரியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்தபோது பூரி மாதிரி உப்பியிருந்தது. உப்பிய பேக்கை அமுக்கியும் பார்க்கக் கூடாது, ஊசியால் குத்தியும் பார்க்கக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது.

நல்ல பேக்கைக்கூட ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். 5000 எம்ஏஎச்சுக்கு 5 ஆம்பியர், பேலன்ஸ் வயரோடு. ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் விட்டு வைக்கலாம். எங்கே வைப்பது என்கிறீர்களா? உலகமெங்கும் ஆர்சிக்காரர்கள் பூந்தொட்டி வைத்துச் சமாளிக்கிறார்கள். நமக்குக் காருகுறிச்சிப் பானை இருக்கிறது! அடியில் காய்ந்த மணல், புகை வெளியேற இடைவெளி விட்டு ஒரு மண்மூடி. நான் வாங்கப் போனபோது அந்த அம்மா, "குழம்புக்கா, தண்ணிக்கா தம்பி?" என்று கேட்டார்.

"பேட்டரிக்கு" என்றேன். பானையைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்த கை அப்படியே நின்றது.