தேயிலை மலையிலிருந்து சுற்றுலாப் பட்டத்துக்கு

இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்து, அக்குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவி ஒருத்தி சுற்றுலாவையும் வணிகத்தையும் பாடமாக எடுக்கும்போது, தன் தாய் நாள்தோறும் கொழுந்து பறிக்கும் மலைச்சரிவையே ஒரு வணிகப் பொருளாக அளந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். வேறு பெரும்பாலான பட்டப்படிப்புகள் இத்தனை நேரடியாக ஒரு மாணவியை அவளுடைய ஊருக்கே திருப்பி அனுப்புவதில்லை என்பதால், முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுபவை இங்கே தனிப் பொருள் பெறுகின்றன.

பெற்றோர் இருவரும் பல்கலைக்கழகக் கல்வி பெறாத குடும்பத்திலிருந்து வருபவரே முதல் தலைமுறை மாணவர் எனப்படுகிறார். இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தபோதிலும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகள் 1970களில்தான் பெருமளவில் அரசின் பொறுப்புக்கு வந்தன. எனவே மற்றச் சமூகங்களில் தாத்தா, பாட்டி காலத்திலேயே தோன்றிவிட்ட முதல் பட்டதாரி, இங்கே பல வீடுகளில் இப்போதுதான் தோன்றுகிறார். உயர்தரப் பரீட்சையில் பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கப்படும் இசட் புள்ளியின் அடிப்படையிலும், மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களின் அடிப்படையிலும் அனுமதி வழங்கப்படுவதால், நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்க்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பதுளையில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகமும், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகமும் சுற்றுலாத்துறைப் பட்டங்களை வழங்குகின்றன.

கல்விக்கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் கைச்செலவுக்கு ஓரளவு உதவும். ஆனால் இந்தப் படிப்புக்கென்றே சில செலவுகள் உண்டு. ஹோட்டல் பயிற்சிக்குக் கறுப்புத் தோல் சப்பாத்தும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், மேலங்கியும் வேண்டும். செய்முறை வகுப்பில் கத்தி, முள்ளுக்கரண்டி, மூவகைக் கண்ணாடிக் குவளை ஆகியவற்றை மேசையில் உரிய இடைவெளியில் அடுக்க வேண்டும். குடும்பத்தோடு ஹோட்டலில் உண்டு பழகிய மாணவர் ஏற்கெனவே அறிந்ததைச் செம்மைப்படுத்துகையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் தரையிலமர்ந்து உண்டு வளர்ந்த மாணவி அதே மணிநேரத்தில் ஒரு புதிய உலகையே கற்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இத்தகைய வேறுபாட்டையே பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தால் விளக்கினார்: குடும்பத்தில் கேட்காமலே கிடைக்கும் பேச்சும் பழக்கமும் கல்வி நிறுவனத்தில் திறமையாகவே எண்ணப்பட்டுவிடுகின்றன என்பது அதன் சாரம். விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதும் முறை, பயிற்சியிடம் பெற யாரை அணுகுவது என்ற விவரம் போன்றவற்றை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தருவதில்லை. அவற்றை வீட்டிலும் கேட்க முடியாதவரே முதல் தலைமுறை மாணவர்.

மொழியும் சுமையாகிறது. உயர்தரம் வரை ஐந்தொகை, பெறுமானத்தேய்வு என்று தமிழில் வணிகம் படித்தவர், பல்கலைக்கழகத்தில் அதே கணக்கை ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்குகிறார். எனினும் தமிழும் சிங்களமும் வீட்டைச் சுற்றியே பழகிய மலையக மாணவருக்கு ஆங்கிலமும் கைகூடிவிட்டால், மும்மொழி அறிந்த அத்தகைய பணியாளரை விட்டுவிட எந்தச் சுற்றுலா நிறுவனமும் விரும்பாது.

வணிகப் பாடங்கள்தான் இந்த மாணவியை உண்மையில் உலுக்குகின்றன. பயணி செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, முன்பதிவு இணையதளத்தின் தரகாகவும், இறக்குமதிப் பொருளின் விலையாகவும், வெளியூர் உரிமையாளரின் இலாபமாகவும் அந்த ஊரைவிட்டு வெளியேறுவதைப் பொருளியலார் வருவாய்க் கசிவு என்பர். அந்தப் பாடத்தை அவள் தன் மலையிலேயே காண்கிறாள். 1921ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண எல்லவுக்கு வருவோர் தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்து செல்கிறார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே 1990களில் ஹோட்டலாக மாற்றப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் படம் இல்லாத சுற்றுலா விளம்பரத்தைக் காண்பது அரிது. அந்தப் பெண்ணுக்கோ, நிர்ணயிக்கப்பட்ட எடைக்குக் கொழுந்து பறித்தால்தான் ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளம், பதியப்படும். 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாகவும் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட அந்த நாட்சம்பளம், தோட்ட அதிகாரிகளின் பழைய துரை பங்களாக்களில் நடக்கும் விடுதிகளின் ஓரிரவு வாடகைக்கு அருகில்கூட வருவதில்லை. சுற்றுலாவை ஈர்க்கும் நிலக்காட்சியை உழைப்பால் உருவாக்கிப் பேணுபவர் அதன் வருவாயில் பங்காளியாக இல்லை என்ற உண்மையைப் பாடப்புத்தகத்தின் கணக்குமுறையே அவர் மகளுக்கு எடுத்துக்காட்டிவிடுகிறது.

இத்துறையின் நிலையின்மை, கையிருப்பு இல்லாத குடும்பங்களை மற்றவரைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களும் அதன்பின் கொரோனாப் பெருந்தொற்றும் சேர்ந்து 2021ஆம் ஆண்டில் அத்தொகையை இரண்டு இலட்சத்துக்கும் கீழே தள்ளின. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கடந்து 2024ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த வீழ்ச்சி ஆண்டுகளில் இத்துறையில் படித்தவர்களுக்கு, பட்டத்தின் கட்டாயப் பகுதியான தொழிற்பயிற்சிக்குத் திறந்திருந்த ஹோட்டல்களே குறைவு. வீட்டில் ஒரே ஒரு பிள்ளையின் படிப்பை நம்பிக் கடன் வாங்கிய பெற்றோர்க்கு, சுற்றுலா என்பது விழுந்தாலும் எழும் துறை என்ற விளக்கம் ஆறுதலாவதில்லை. மகள் ஹோட்டலில் இரவுப் பணி பார்ப்பதை ஊர் என்ன சொல்லுமோ, அவளுக்குப் பாதுகாப்பு இருக்குமோ என்ற தயக்கமும் அவர்களுக்கு உண்டு. அத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று, ஏனெனில் பாதுகாப்பான தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் உறுதிசெய்ய வேண்டிய கடமை பயிற்சியளிக்கும் நிறுவனத்துக்கே உரியது.

பட்டம் பெற்றவர் முன்னலுவலக எழுத்தராகவோ விற்பனை அலுவலராகவோ கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் வளைகுடாவுக்கும் போகலாம். பலர் போகிறார்கள், அது குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கும் நேர்மையான வழியே. சொந்த மலையிலேயே தொழில் தொடங்க விரும்புபவர்க்கு நிலம் குறுக்கே நிற்கிறது. இல்லத்தங்கல், அதாவது குடும்பம் வாழும் வீட்டின் அறையிலேயே பயணியைத் தங்கவைக்கும் முறை, சிறு முதலில் தொடங்கக்கூடியது என்று வகுப்பில் கற்பிக்கப்படுகிறது; ஆனால் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாதபோது, அதைப் பிணையாகக் காட்டி வங்கியில் கடன் பெற முடியாது. அண்மை ஆண்டுகளில் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் ஒதுக்கப்பட்டு வருவதால், அந்த நிலத்துக்குரிய பத்திரம் தாமதமின்றிக் கைக்கு வருவது வீட்டுப் பிரச்சினையாக மட்டுமன்றித் தொழில் பிரச்சினையாகவும் கருதப்பட வேண்டும். நிலம் தேவைப்படாத வழியும் ஒன்றுண்டு: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்கும் பிரதேச வழிகாட்டி உரிமம், குறிப்பிட்ட பகுதிக்குள் பயணிகளை அழைத்துச் செல்ல அனுமதிக்கிறது. கொழுந்து எப்போது பறிக்கப்படும், பறித்த கொழுந்தை ஏன் வாடவிடுகிறார்கள், லயத்தில் வாழ்வோர் யார் என்பதையெல்லாம் பிறந்ததிலிருந்து அறிந்த பட்டதாரி அந்த உரிமத்தோடு நின்றால், அவர் சொல்லும் தேயிலையின் கதையில் தொழிலாளியும் ஒரு பெயரோடும் வரலாற்றோடும் இடம்பெறுவார். பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டுப் பயிற்சியைப் பெரிய ஹோட்டல்களோடு நிறுத்திவிடாமல், தோட்டத்தையொட்டிய சிறு முயற்சிகளுக்கும் மாணவர்களை உதவித்தொகையுடன் அனுப்பத் தொடங்குவது இதற்கான முதற்படி.