ஊர்த் தோட்டத்துக்கு கரண்ட் வேலி: செலவு எவ்வளவு, ரிஸ்க் எவ்வளவு?



உங்களுக்கு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. அப்பா அம்மா பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் ஊர்ல இருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி 10 சென்ட் தோட்டம், கொஞ்சம் வாழை, கொஞ்சம் காய்கறி. பக்கத்துலயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். ராத்திரி காட்டுப்பன்னி இறங்கினா காலையில வாழைக்கன்று மிஞ்சாது. உடனே யாராவது ஒருத்தர், "வீட்டு லைன்ல இருந்து ஒரு கம்பி இழுத்துடலாம், செலவே இல்ல"ன்னு யோசனை சொல்வாங்க.

அந்த இலவசக் கம்பி உங்க சேமிப்பு மொத்தத்தையும் காலி பண்ணிடும். ஒரு உயிரையும் சேர்த்து.

வீட்டு கரண்ட் ஏன் கூடாது?

230 வோல்ட் இடைவெளி இல்லாம பாயும். தொட்டவரோட தசை இறுகி, கையை எடுக்கவே முடியாது. எம்சிபி டிரிப் ஆகும்னு நம்பாதீங்க. 6 ஆம்ப் எம்சிபின்னா 6,000 மில்லி ஆம்ப். உடம்பு வழியா 30 மில்லி ஆம்பைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

முறையான வேலிக்கு எனர்ஜைசர்னு ஒரு கருவி இருக்கு. பல ஆயிரம் வோல்ட் வரும், ஆனா ஒவ்வொரு துடிப்பும் 10 மில்லி செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். அடுத்த துடிப்புக்கு 1 செகண்டாவது இடைவெளி இருக்கும். அதுக்குள்ள ஆளோ மிருகமோ விலகிடலாம். வாங்கும்போது ஐஎஸ் 302-2-76 தரநிலை இருக்கான்னு பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்து மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. நில உரிமையாளர் கைதானார். அதே வருஷம் மின்வேலிகளுக்குத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டை ஒட்டி புதுசா மின்வேலி போட முன் அனுமதி வேணும். ஏற்கெனவே இருக்கிற வேலியைப் பதிவு செய்யணும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுட்டு ஆரம்பிங்க.

யானையைக் கொன்ற குற்றத்துக்கு 3 முதல் 7 வருஷம் சிறை. மனுஷன் இறந்தா, கவனக்குறைவுன்னு வழக்கு வந்தாலே 5 வருஷம் வரை போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க உங்க டேர்ம் பாலிசி வராது.

பட்ஜெட் போடலாம்

முதல்ல வருஷ நஷ்டத்தைக் கணக்குப் போடுங்க. 3,000 ரூபாய்தான்னா மின்வேலியே வேண்டாம், சாதா கம்பிவலை போதும்.

10 சென்ட் சதுரமா இருந்தா சுற்றளவு சுமார் 80 மீட்டர். 4 வரிசைக்கு 320 மீட்டர் கம்பி. கூட எனர்ஜைசர், பேட்டரி, சோலார் பேனல், இன்சுலேட்டர், எர்த் ராடு, எச்சரிக்கை போர்டு. ரெண்டு கொட்டேஷன் வாங்குங்க. உதாரணத்துக்கு 30,000 ரூபாய்னா, மாசம் 5,000 ஆர்டி போட்டா 6 மாசத்துல வேலி ரெடி. இதுக்காக பர்சனல் லோன் எடுக்காதீங்க. வேளாண் பொறியியல் துறை விவசாயிகளோட சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்திருக்கு. இந்த வருஷம் உண்டா, உங்க நிலத்துக்குப் பொருந்துமான்னு அங்கே விசாரிங்க.

போடும்போது கவனிக்க:

- முள்கம்பியில் கரண்ட் விடக் கூடாது. சிக்கினவர் விடுபட முடியாது.
- வேலி எர்த், வீட்டு எர்த்தில் இருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கணும்.
- ஒரு வேலிக்கு ஒரே எனர்ஜைசர்.
- கம்பியில் செடி கொடி படாம வெட்டிவிடணும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் பண்ணும்போது கேளுங்க: "அப்பா, நம்ம தோட்டத்து வேலிக்கு கரண்ட் எங்க இருந்து வருது?" "வீட்டு லைன்தான்"னு பதில் வந்தா, அவரைத் தொட வேண்டாம்னு சொல்லிட்டு, அன்னைக்கே எலக்ட்ரீஷியனை வரவழைச்சு கழட்டிடுங்க. கூலியை நீங்க அனுப்புங்க.