நுவரெலியாவில் ஏன் குளிர்கிறது?

வெயில் ஏறினால் கொடைக்கானலுக்குப் போவது மதுரைக்காரர்களின் வழக்கம். ஒரு மாற்றத்துக்கு நுவரெலியா போகலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. அவனியாபுரத்தை ஒட்டிய நம் விமான நிலையத்தில் ஏறினால் கொழும்பு பக்கம்தான். ஆனால் ஒரு சந்தேகம் வரும்: இலங்கை நம்மைவிடப் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறதே, அங்கே எப்படிக் குளிரும்?

டீயைக் குடித்தபடியே பார்ப்போம். வெயில் முதலில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலம்தான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறினால் அங்கே அழுத்தம் குறைவு. அதனால் விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று படுவதும் இதனால்தான். சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். கொழும்பில் 28 டிகிரி என்றால் இங்கே ஏறத்தாழ 16.

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. கோடை, குளிர்காலம் என்ற பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்டு முழுவதும் அநேகமாக ஒரே குளிர்தான். தேயிலைக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது. கடுங்குளிர் காலம் இல்லாததால் செடி ஓய்வதே இல்லை.

இந்தத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் மலையகத் தமிழரின் வரலாறு திரும்பியது, செடி ஓய்வதே இல்லை என்ற இந்த இடத்தில்தான். அங்கே முதலில் இருந்தது காப்பி. காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஆள்சேர்க்கும் கங்காணியோடு போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். பிழைத்தவர்களில் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள்.

1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழியத் தொடங்கியது. 1867இலேயே கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தோட்டத் துரைமார் தேயிலையின் பக்கம் திரும்பினார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தை வாரம் தவறாமல் கிள்ளியாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். ஆண்டு முழுக்க ஆள் தேவைப்பட்டது. குடும்பம் குடும்பமாக, லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில் தங்கிவிட்டார்கள்.

அப்படித் தங்கியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. ஒப்பந்தம் போடும்போது அவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அவசியம் போய்வாருங்கள். ஸ்வெட்டரோடு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரகரி ஏரி, ஹக்கல பூங்கா, சீதா எலிய கோயில் எல்லாம் பாருங்கள். தேயிலை மலையில் கொழுந்து கிள்ளும் பெண்ணைப் படமெடுக்கும் முன் வணக்கம் சொல்லி, பூர்வீகம் எந்த ஊர் என்று கேளுங்கள். நம் பக்கத்து ஊராகவே இருக்கலாம். அவர்களோடு நாலு வார்த்தை பேசாமல் திரும்பினால் நுவரெலியாவில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள்.